டீலரிடம் என்ஜினைக் கொடுக்கலாமா?

கார் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும், யோசனை சொல்ல ஊரே கூடிவிடும். மைலேஜ், ரீசேல், கலர், நம்பர் ராசி வரைக்கும் பேசுவார்கள். அதே கார் ஏழெட்டு வருஷம் ஓடி முடித்து, சைலன்சரில் நீலப் புகை விட ஆரம்பிக்கும்போது பக்கத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். சர்வீஸ் சென்டரின் ஏசி ரூமில் கையில் எஸ்டிமேட் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் போலத் தனி ஆள் உலகத்திலேயே கிடையாது!

அந்தக் காகிதத்தில் 'என்ஜின் ஓவர்ஹால்' என்று ஒரு வரி இருக்கும். கீழே ஒரு தொகை. சில சமயம் அந்தத் தொகை, காரை அன்றைக்கே விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதியாக இருக்கும். "ஓகே சொன்னீங்கன்னா இன்னைக்கே இறக்கிடலாம் சார்" என்பார் சர்வீஸ் அட்வைசர். ஓகே சொல்வதா, வேண்டாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது, பஸ்ஸையும் நம்ப முடியாது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்குகிறார். வேலை மெஷின் ஷாப்பில். அங்கே ஒரு பீஸ் பத்து மைக்ரான் தப்பினாலும் ரிஜெக்ட் போடுவார். கேஜ் இல்லாமல் எதையும் பாஸ் பண்ண மாட்டார். அப்படிப்பட்டவர் தன் கார் என்ஜின் விஷயத்தில், ஒரே ஒரு அளவைக்கூடக் கேட்காமல் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். ஏன்? 'கம்பெனி ஆளு சொல்லிட்டாரே' என்பதுதான் காரணம்.

முதல் கோளாறு இந்த இடத்தில்தான். அவர் கம்பெனி ஆள் கிடையாது.

டீலர்ஷிப் என்பது கார் தயாரிக்கும் கம்பெனியின் கிளை இல்லை. அது தனி முதலாளி, தனி முதலீடு, தனிக் கணக்கு. கம்பெனியின் போர்டை மாட்டிக்கொள்ளவும் அதன் வண்டிகளை விற்கவும் சர்வீஸ் செய்யவும் ஒப்பந்தம் போட்டிருக்கும் இன்னொரு வியாபாரி. நுகர்வோர் வழக்கு என்று வந்தால் கார் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் முதல் பதிலே, 'எங்களுக்கும் டீலருக்கும் உள்ளது இரு வியாபாரிகளுக்கு இடையிலான உறவு, அவர் செய்த வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்பதுதான். புது வண்டி விற்கும்போது ஒரே குடும்பமாக நிற்பவர்கள் பில் தகராறு வந்ததும் பாகப்பிரிவினை செய்துகொள்கிறார்கள்.

இந்தக் குடும்பக் கதையைப் புரிந்துகொள்ளத் திருவள்ளூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை. அம்பாசடர் செய்த அதே கம்பெனி, ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998ல் லான்சர் காரை இங்கிருந்துதான் சந்தைக்கு விட்டது. அந்தக் காலத்தில் லான்சர் என்றால் ஒரு கெத்து. பிறகு பஜேரோ, சீடியா, அவுட்லாண்டர் என்று வந்தன. நடுவில் சில வருஷம் இசுசு கம்பெனியின் வண்டிகளையும் ஒப்பந்தத்துக்கு இங்கே பூட்டிக் கொடுத்தார்கள். 2016ல் இசுசு, எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்துகொண்டது. மிட்சுபிஷி கார்கள் இந்தியச் சந்தையிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தன. 2017ல் சி.கே.பிர்லா குழுமமும் பிரான்சின் பியூஜோ-சித்ரோயன் குழுமமும் கைகோத்தன. இப்போது அதே இடத்திலிருந்து சித்ரோயன் கார்கள் வருகின்றன. சி3 கார் 2022ல் வந்தது.

தொழிற்சாலைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. போர்டு மாறும், மாடல் மாறும், வேலை நடக்கும். லான்சர் வாங்கியவர் கதை வேறு. அவர் வாங்கியது காரை மட்டும் அல்ல. 'பதினைந்து வருஷத்துக்கு இந்த என்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்கும், இதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார்' என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்து வாங்கினார். போர்டு இறங்கியதும் அந்த எதிர்பார்ப்பும் இறங்கிவிட்டது. கடைசியில் அந்த என்ஜின்களைக் காப்பாற்றுவது யார் என்று பார்த்தால், டீலர்ஷிப்பில் வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை போட்ட மெக்கானிக்குகளும் புதுப்பேட்டைக் கடைகளும்தான். 2017 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியபோதும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தபோதும் இதே பயம்தான் ஓனர்களுக்கு. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று இரு கம்பெனிகளும் சொல்லின. ஆனாலும் வாசலில் புது வண்டி நிற்காத ஷோரூமில் பழைய வண்டிக்கு என்ன மரியாதை இருக்கும் என்ற கேள்வி வரத்தானே செய்யும்.

ஆக, 'டீலர் என்றால் நம்பலாம்' என்பது பாதி உண்மை. பின்னால் ஒரு கம்பெனி நிற்கும்வரை, வாரண்டி இருக்கும்வரை, அது உண்மை. அதற்கு அப்புறம் டீலரும் ஒரு மெக்கானிக்தான். கொஞ்சம் காஸ்ட்லியான மெக்கானிக்.

அப்படியென்றால் டீலர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா? அதுவும் இல்லை. பிரச்சினை மனிதர்களின் நேர்மையைவிட, இந்த வியாபாரத்தின் அமைப்பில் இருக்கிறது.

காமர்ஸ், எகனாமிக்ஸ் படிப்பவர்களுக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். பழைய கார் சந்தையை வைத்து 1970ல் அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்கு 2001ல் நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்றால் சந்தையே கெட்டுப்போகும் என்றார். ஆனால் ரிப்பேர் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான கட்டுரை 1973ல் டார்பி, கார்னி என்ற இருவர் எழுதியது. அவ்வளவாகப் பேசப்படாதது. அவர்கள் சொன்னது இதுதான்: சில பொருட்களின் தரம் வாங்கும் முன்பே தெரியும், சிலவற்றின் தரம் பயன்படுத்தினால் தெரியும், இன்னும் சிலவற்றின் தரம் பயன்படுத்திய பிறகும் தெரியாது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான உதாரணம் ரிப்பேர் வேலை.

நீலப் புகையையே எடுத்துக்கொள்வோம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது? வால்வ் சீல் கெட்டுப்போயிருக்கலாம். அது ரப்பர் சமாச்சாரம், செலவு கம்மி. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் என்ஜினை இறக்க வேண்டும், செலவு பல மடங்கு. டர்போ வண்டியாக இருந்தால் டர்போவின் சீல்கூடக் காரணமாக இருக்கலாம். மூன்றுக்கும் புகை ஒரே நிறம்தான். இப்போது ஒருவர் 'ரிங் போச்சு சார்' என்று சொல்லி, என்ஜினை இறக்கி, ரிங், பிஸ்டன், வால்வ் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார். புகை நின்றுவிடுகிறது. ஓனருக்குச் சந்தோஷம். வால்வ் சீலை மட்டும் மாற்றியிருந்தாலே நின்றிருக்குமா? அது அவருக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.

நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கிறார். சிக்கல் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1992ல் அமெரிக்காவில் சியர்ஸ் என்ற மிகப் பெரிய கடைக் குழுமத்தின் கார் சர்வீஸ் சென்டர்கள் மீது கலிஃபோர்னியா மாநில அரசு நடவடிக்கை எடுத்தது. அரசு ஆட்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போல வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது தடவை, தேவையில்லாத வேலையைச் செய்யச் சொன்னார்கள் அல்லது செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திருடர்களா என்ன? இல்லை. சர்வீஸ் அட்வைசர்களுக்குக் கமிஷன் முறை, இத்தனை வேலை விற்க வேண்டும் என்று டார்கெட். கம்பெனித் தலைவரே, தங்கள் இன்சென்டிவ் முறைதான் தவறுகளுக்கு இடம் கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். எத்தனையோ வருஷமாக மக்கள் நம்பிய பெயர் அது. சம்பள முறையை மாற்றியதும் பெயர் கெட்டுப்போனது.

நம்மூரிலும் சர்வீஸ் அட்வைசருக்கு மாத டார்கெட் என்பது பெரிய ரகசியம் இல்லை. புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் குறைவு, சர்வீஸும் ஸ்பேரும் இன்சூரன்ஸும்தான் ஷோரூம் வாடகையைக் கட்டுகின்றன. இருபத்தைந்து வயது அட்வைசர் மாதக் கடைசியில் 'ஓவர்ஹால்' என்று எழுதும்போது, அவர் மனதில் என்ஜின் மட்டும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, அப்படியானால் நம்ம தெரு முனை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே?

அங்கேயும் இதே கதைதான். நோயும் மருந்தும் ஒரே கடை. டீலர் தேவைக்கு மேல் மாற்றுவார் என்று பயம் என்றால், தெரு மெக்கானிக் தேவையானதைக்கூட மாற்றாமல் 'ஓட்டுங்க பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுவாரோ என்று பயம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் ஹெட் போல்ட் முறுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டப்பாவில் கம்பெனி பெயர், உள்ளே டூப்ளிகேட் பேரிங் என்பதும் நடக்கிறது. பில் கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் சென்சாரும் சாஃப்ட்வேரும் நிறைந்து கிடக்கின்றன. ஸ்கேனர் இல்லாமல் கை வைத்தால் கதை கந்தல்.

ஆனால் இந்தக் குறை முழுக்க மெக்கானிக்கின் தப்பு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து அபராதம் சுமார் 2,545 கோடி ரூபாய்! அசல் ஸ்பேரையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், ரிப்பேர் மேனுவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்து, வண்டி வாங்கியவர்களை டீலரிடமே வரும்படி கட்டிப்போட்டார்கள் என்பதுதான் குற்றம். மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா என்று பெரிய பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. திருவள்ளூரில் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் அதில் உண்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் ஒரு விஷயம் பகிரங்கமாகிவிட்டது. 'வெளியே இந்த வேலையைச் செய்ய முடியாது சார், எங்ககிட்டதான் டூல் இருக்கு' என்று டீலர் பெருமையாகச் சொல்வதில் பாதி, திறமையால் வந்தது இல்லை. அடைத்து வைத்த கதவால் வந்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்கு என்று தனி இணையதளம் தொடங்கியபோது, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் இப்படி என்றால் யாரைத்தான் நம்புவது? இதற்குப் பதில், நம்மைவிடப் பணத்தில் கெட்டியான ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவர் இன்சூரன்ஸ் கம்பெனி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனை கார்கள் முழுகின என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி அதே கதை, இந்தத் தடவை திருவள்ளூர் மாவட்டமும் சேர்ந்து முழுகியது. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் பிளாக்கே உடையும். என்ஜின் வேலையிலேயே பெரிய வேலை இதுதான். வெள்ளத்தில் நின்றது விபத்து, ஸ்டார்ட் செய்தது உங்கள் தப்பு என்று பிரித்து, 'என்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்குக் கிளெய்ம் மறுக்கப்படுவது வழக்கம். அது தனி வயிற்றெரிச்சல்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கிளெய்ம் கொடுக்க ஒப்புக்கொண்டாலும், டீலர் போட்ட எஸ்டிமேட்டை இன்சூரன்ஸ் கம்பெனி அப்படியே ஏற்றுக்கொள்கிறதா? இல்லை. தன் சார்பில் ஒரு சர்வேயரை அனுப்புகிறது. என்ஜினைத் திறந்து வைக்கச் சொல்லி, அவர் வந்து பார்த்து, போட்டோ எடுத்து, இது மாற்ற வேண்டும், இது வேண்டாம் என்று கோடு போட்ட பிறகுதான் வேலை. இத்தனைக்கும் அந்த டீலரும் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கேஷ்லெஸ் ஒப்பந்தம் போட்ட கூட்டாளிகள்! கூட்டாளியே சர்வேயர் இல்லாமல் பணம் கொடுப்பதில்லை. சொந்தச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கும் மனிதர் மட்டும் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இது என்ன நியாயம்?

ஆகவே டீலரா மெக்கானிக்கா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முதலில் வேண்டியது ஒரு சர்வேயர். அதாவது வேலையைச் செய்யப் போகாத, வேலையால் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத ஒரு ஆளின் கருத்து. நல்ல பெயருள்ள பட்டறை மெக்கானிக் ஒருவரை அழைத்து, 'அண்ணே, வேலை உங்களுக்கு இல்ல, பாத்து மட்டும் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் முக்கியம். 'வேலையும் உங்களுக்குத்தான்' என்ற ஆசை இருந்தால் அவரும் அட்வைசராகிவிடுவார். ஓசியில் கேட்டால் அவர் சொல்வதும் ஓசித் தரத்தில்தான் இருக்கும். நம்மூரில் இதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. லட்ச ரூபாய் எஸ்டிமேட்டுக்கு முன்னால் ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து இன்னொரு கருத்து வாங்குவது வீண் செலவாகத் தெரிகிறது. டாக்டர் ஆபரேஷன் என்றால் மட்டும் இன்னொரு டாக்டரிடம் ஓடுகிறோம்.

அடுத்தது, அளவு. என்ஜினை இறக்கும் முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று எண்ணாகவே வரும். பெட்ரோல் என்ஜினில் அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தால், அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் கோளாறு, ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் புகைந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் ரிங் பக்கம். இவை எல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்லை, மெஷின் ஷாப்காரருக்குச் சொல்லித் தரவே வேண்டாம். டெஸ்ட் எடுக்காமலே 'ஓவர்ஹால்' என்று எழுதிய காகிதம் எஸ்டிமேட் இல்லை, ஜோசியம்.

டெஸ்ட் எடுத்து, இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், திறப்பதற்கும் ரிப்பேருக்கும் தனித்தனி ஓகே கொடுப்பது நல்லது. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரித்துப் போட்ட என்ஜினை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு எப்படித் திரும்பி வருவது? அதுவும் ஒர்க்‌ஷாப் சென்னைப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? ரெக்கவரி வண்டிக்குக் காசு, பிரித்ததற்குக் காசு, மறுபடி பூட்டுவதற்குக் காசு. 'இவ்வளவு ஆயிடுச்சு, மீதியையும் பண்ணிடுங்க' என்று சொல்ல வைக்கும் இடம் இது. அதனால் திறக்கும் முன்பே, 'திறந்து பார்த்து எனக்கு வேண்டாம் என்றால் எவ்வளவு கட்ட வேண்டும்?' என்று கேட்டு ஜாப் கார்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இதற்கு நேராகப் பதில் சொல்லும் டீலரை பாதி நம்பலாம். 'அதெல்லாம் வராது சார், பாத்துக்கலாம்' என்பவரிடம் ஜாக்கிரதை.

திறந்த பிறகு மறுபடியும் அளவு. போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மேனுவலில் அனுமதித்த எல்லை எவ்வளவு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். ரீபோர் வேலையைப் பல டீலர்கள் உள்ளே செய்வதில்லை, வெளியே லேத் பட்டறைக்குத்தான் அனுப்புகிறார்கள். இது தப்பில்லை. எந்தப் பட்டறை என்று கேட்பதும் தப்பில்லை. ரீபோர் வேண்டாம், பிளாக்கையே மாற்ற வேண்டும் என்று டீலர் சொன்னால் உடனே கொள்ளை என்று கத்தவும் வேண்டாம். புது என்ஜின்கள் சிலவற்றுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே கம்பெனி தருவதில்லை. ஆனால் பிளாக் மாறினால் என்ஜின் நம்பரும் விவகாரமாகும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் திருத்த வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். இதை டீலரே முன்வந்து சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம்.

பில் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. 'பில் இல்லாம பண்ணினா ஜிஎஸ்டி மிச்சம்' என்ற ஆசை வார்த்தை இரண்டு பக்கமும் வரும். மிச்சமாவது வரி, போவது வழக்குப் போடும் வலு. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். முன்பு எதிர்க்கட்சிக்காரர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தில் புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். டீலர் சென்னையில் இருந்தாலும் கும்மிடிப்பூண்டிக்காரர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். கோர்ட்டு வேண்டாம் என்பவர்களுக்கு 1915 என்ற ஹெல்ப்லைன் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'பில் இருக்கா?'

இவ்வளவும் சொன்ன பிறகு 'கடைசியா என்னதான்யா சொல்ற?' என்று கேட்பவர்களுக்கு: வாரண்டி இருக்கிறதா, டீலரிடமே போகலாம், யோசிக்கவே வேண்டாம். வெள்ளத்தில் முழுகி இன்சூரன்ஸில் போகும் வேலையா, அதுவும் டீலர்தான்; சர்வேயரை இன்சூரன்ஸ் கம்பெனியே அனுப்பும். பிஎஸ் 6 டீசலா, பெரும்பாலும் டீலர்தான், வேறு வழி குறைவு. பத்து வருஷம் தாண்டிய சாதாரண பெட்ரோல் என்ஜினா, பில் கொடுக்கும் நல்ல பட்டறைக்கே போகலாம், டீலருக்கு அங்கே தனிப் பெருமை எதுவும் இல்லை. கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டதா, அந்த என்ஜினை இதற்கு முன் கையால் பிரித்துப் பூட்டிய ஆளைத் தேட வேண்டும், போர்டைத் தேடிப் பயனில்லை.

'இவ்வளவு தொல்லை எதுக்கு, புகை விடுற வண்டியை எவன் தலையிலாவது கட்டிட்டு வேற செகண்ட் ஹேண்ட் வாங்கிடலாமே' என்று ஒரு கோஷ்டி சொல்லும். புதிதாக வாங்கப் போகும் அந்த வண்டியை அதன் ஓனர் ஏன் விற்கிறாராம்? அகெர்லாஃப் சிரிப்பார்.

டெலிவரி எடுக்கும்போது ஒரு விஷயம். சொந்தக் காசு போட்டுச் செய்த வேலையில் கழற்றிய பழைய பாகங்கள் ஓனருக்குச் சொந்தம் (வாரண்டியிலும் இன்சூரன்ஸிலும் அப்படி இல்லை, அவை அவர்களுக்குப் போகும்). பழைய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் ஒரு சாக்குப் பையில் டிக்கிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டு தேய்க்க வேண்டும். தேய்மானத்தை வீட்டுக்கு வந்து நிதானமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம், தெரிந்தவர்களிடமும் காட்டலாம். கேட்டால் "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே சார்" என்பார்கள். ஸ்கிராப்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஊர் கும்மிடிப்பூண்டி. அந்த ஊர்க்காரரிடமே ஸ்கிராப் கதையா? :-)